ஓசையும் சொல்லும்

செவிக்குப் புலனாவது ஓசை. அவ்வோசையின் வழியே அறிவிற்குப் புலனாவது சொல். இவ்விரண்டும் ஒருங்கே வருவனபோற் றோன்றினும், ஒன்று வந்து மற்றொன்று வாராதொழிதலும் உண்டு. சேய்மையில் நிகழும் விழாவினின்று காற்றில் மிதந்து வரும் பாட்டின் பண் இன்னதென்று நமக்குத் தெரிகின்றது; பாடல் இன்னதென்று தெரிவதில்லை. அடுத்த அறையில் இருவர் உரையாடுங்கால், பேசுவார் இன்னார் என்பதைக் குரலால் அறிகின்றோம். அவர் பேசும் பொருள் விளங்குவதில்லை. பண்ணும் பாடலும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் தேவாரம் முதலிய திருப்பாடல்களில் ஓசை மட்டும் வந்து சொல் வாராதொழியுமாயின், கேட்பார்க்கு எய்தியது பாதியினும் குறைவேயாம். இல்லத்தில் வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கியைச் சிறிது சிறிதாகத் திருத்தி யான் கண்ட சில உண்மைகளை ஈண்டு எழுதப் புகுந்தது இவ்வேறுபாட்டை முன்னிட்டேயாகும். பழைய ஒலிப்பதிவுகளைப் போற்றி வைத்திருக்கும் அன்பர் பலர்க்கு இவை பயன்படக்கூடும்.

எம் அன்னையார்க்கு அகவை எண்பத்து மூன்று. அவர்தம் தமையனார், எனக்கு அம்மான் முறையினர், ஓதுவார் ஒருவர்பால் முறையாகப் பண் பயின்றவர். தாம் பயின்றதைத் தம் தங்கையார்க்கும் இளமையிலேயே சொல்லிக் கொடுத்தவர். 1987-ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை அவர் எங்கள் இல்லத்திற் பாடிய பதிகங்கள் சில, ஒரு சிறு டேப் ரெக்கார்டரில் ஒற்றை மைக்கினாற் பதிவு செய்யப்பெற்றன. நான்கு ஆண்டுகள் சென்றபின் அம்மான் மறைந்தார். அவர் குரல் இவ்வுலகில் எஞ்சியிருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டுமே. அன்னையார் நாள்தோறும் விளக்கேற்றும் பொழுதில் அதனைக் கேட்டு வந்தார். அண்மை ஆண்டுகளில் அவர் அதனைக் கேட்குந்தோறும் முகஞ் சுருங்குவதைக் கண்டு காரணம் வினவினேன். “தம்பி, அண்ணனுடைய ஓசை வருகிறது, சொல் வரவில்லையே” என்றார். செவி மருத்துவர் சோதித்துப் பார்த்து, 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அவர் கேள்வி நன்கு குறைந்துவிட்டது என்றும், அகவை முதிர்வால் நேரும் குறை முதற்கண் உயர்ந்த ஒலிகளையே பற்றுவது இயல்பென்றும் கூறினார். செவிப்பொறி ஒன்று அணிவிக்கப்பெற்றது. உரையாடலுக்கு அது நன்கு உதவிற்று, பாட்டுக்கு உதவவில்லை. அப்பொறியின் வழியே அம்மானின் குரல் தகரத்திற் றட்டினாற்போல இருக்கின்றதென்று அன்னையார் அதனைக் கழற்றி வைத்துவிட்டே பாட்டுக் கேட்பாராயினர். ஆகவே செய்யத்தக்கது ஒலிபெருக்கியின் பக்கமே இருந்தது.

ஸ்பீக்கர் என யாவரும் வழங்கும் இக்கருவியின் அமைப்பு மிக எளியது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அச்சுருளோடு பிணைந்த ஒரு கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது, அத்தள்ளுகையே ஒலி. இவ்வமைப்பினை இற்றை நாள் வடிவிற்குக் கொணர்ந்தோர் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர். அவர்தம் கட்டுரை வெளிவந்தது 1925-ஆம் ஆண்டில். கூம்பின் முன்புறத்தெழும் ஒலியும் பின்புறத்தெழும் ஒலியும் ஒன்றற்கொன்று எதிராகலின், அவை கலந்து ஒன்றையொன்று அழித்துவிடாதபடி கூம்பைப் பெட்டியில் அடைத்தல் வேண்டும். மூடிய சிறு பெட்டியில் அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டு ஆழ்ந்த ஒலியைப் பெறும் முறையை எட்கர் வில்ச்சர் என்பார் 1954-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். பெட்டியில் ஒரு துளையிட்டுப் பின்னொலியையும் பயன்கொள்ளும் முறைக்கு ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கணக்கு வழிகாட்டிற்று. ரிச்சர்டு ஸ்மால் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் அதனை விரிவாக்கினார். இன்று கடைகளில் நாம் காணும் பெட்டிகளுட் பெரும்பாலன இவ்விருவகையுள் ஒன்றிற் சாரும்.

இனி, ஒலிபெருக்கியைத் திருத்தப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் பொருளின்மை அன்று. தம் செவியைத் தாமே நம்புதற்கு இயலாமை. அளவை நூலார் காட்சியினையும் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி எனப் பகுத்து, ஐயமுந் திரிபும் நீங்கிய காட்சியையே அளவையாகக் கொண்டனர். இப்பகுப்பு செவிப்புலனுக்கு எத்துணைப் பொருந்துவது என்பதைச் சோதனையில் இறங்கினார் நன்கறிவர். இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று மற்றதனினும் ஒரு டெசிபெல் அளவே உரத்து ஒலித்தாலும், உரத்ததே தெளிவுடையது என்று செவி துணிந்துவிடும். அன்றியும், ஒலி தாழுந்தோறும் செவி மெலிந்த சுரங்களை மிகுதியாக இழந்துவிடும். பிளெட்சர், மன்சன் என்பார் 1933-ஆம் ஆண்டில் இதனை வரைபடமாகவே காட்டினர். விலை உயர்ந்தது இது என்று அறிந்துவிட்டாலோ, கேளாத நயமெல்லாம் கேட்பதுபோற் றோன்றும். ஆகவே மூன்று நெறிகளை வரையறுத்துக் கொண்டேன். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல். ஒவ்வொரு முறையும் அன்னையார் அமரும் நாற்காலியில் 70 டெசிபெல் அளவே ஒலி இருக்குமாறு கைபேசியில் உள்ள அளவியால் அளந்து நிறுத்துதல். மாற்றியது இன்னதென்று கேட்பவர் அறியாதிருத்தல். மாற்றும் வேலையைத் திரைக்குப் பின்னிருந்து என் மகள் செய்தாள்.

சோதனைக்கு அம்மானின் பாடல்களைக் கொள்ளவில்லை. என்னையெனின், அன்னையார்க்கு அப்பாடல்கள் யாவும் மனப்பாடம். மனத்தில் உள்ள சொல், செவியில் வாராத சொல்லின் இடத்தை நிரப்பிவிடும். அங்ஙனம் நிரம்பியது கேள்வி ஆகாது, நினைவே ஆகும். ஆதலின் காடு, பாடு, மாடு, நாடு என்றாற்போல முதலெழுத்து ஒன்றினாலேயே வேறுபடும் சொற்களை இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பட்டியல்கள் பல எழுதி, என் மைத்துனரைக் கொண்டு அதே டேப் ரெக்கார்டரிற் பேசுவித்துப் பதிந்துகொண்டேன். நம் மொழியில் இத்தகைய சொற்கள் மிகுதியும் உண்மையால் இவ்வேலை எளிதாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு புதிய பட்டியல். அன்னையார் கேட்டுத் திருப்பிச் சொன்னவற்றைக் குறித்துக் கொண்டோம். பழைய நிலையில், அஃதாவது மூலையில் அலமாரியின் மேல் வைத்திருந்த இரு சிறு பெட்டிகளின் வழியே, அவர் இருபத்தைந்தில் ஒன்பது சொற்களையே சரியாகக் கூறினார். அவ்வொன்பது என்னும் எண்ணே பின்னர்ச் செய்த யாவற்றிற்கும் அளவுகோலாயிற்று.

முதலிற் கருதியது ஊற்றினை. ஊற்றிற் கலங்கிய நீரைக் கால்வாயிற் றெளிவித்தல் அரிது. பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட கேசட்டில் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டரே நகரும். அத்துணை மெல்ல நகரும் நாடாவில் உயர்ந்த ஒலிகள் மிக நுண்ணிய வரிகளாகப் பதிந்திருக்கும். பதிவு செய்த கருவியின் தலையும் இப்போது வாசிக்கும் கருவியின் தலையும் ஒரே சாய்வில் நில்லாவிடின், அந்நுண்ணிய வரிகள் முதலில் அழிபடும். சகர ஒலியும் தகர ஒலியும் மழுங்கிப் போகும். தலையைத் துடைத்துத் தூய்மை செய்து, அதன் பக்கத்துள்ள சிறு திருகாணியை மயிரிழை அளவாகத் திருப்பிக்கொண்டே கேட்டால், ஓரிடத்தில் நாடாவின் இரைச்சல் சட்டென்று பளிச்சிடும். அதுவே பதிந்தபோதிருந்த சாய்வு. அவ்விடத்தில் நிறுத்திப் பதிவு முழுவதையும் கணினிக்கு மாற்றிக்கொண்டேன். சொற்பட்டியலும் அவ்வாறே மாற்றப்பெற்றது. காசு செலவில்லாத இச்செய்கையால் ஒன்பது பதினொன்றாயிற்று.

அடுத்து, அன்பர் ஒருவர் தம் இல்லத்திலிருந்த பெரிய ஒலிபெருக்கிகளைச் சில நாள் இரவலாகத் தந்தார். அவை இடுப்பளவு உயர்ந்து தரையில் நிற்பன; ஒவ்வொன்றிலும் எட்டு அங்குல வூபர் இரண்டு. அவற்றில் தவிலும் மிருதங்கமும் கேட்பார் நெஞ்சிற் பட்டு அதிர்ந்தன. வீட்டிலுள்ளோர் அனைவரும் வியந்தோம். அன்னையாரும் “பெரிய கோயில் மண்டபம்போல் இருக்கிறது” என்று மகிழ்ந்தார். ஆனால் பட்டியலை ஒலித்தபோது பதினொன்று எட்டாகக் குறைந்தது. வேறு பட்டியல் கொண்டு மும்முறை சோதித்தும் எட்டு, ஏழு, எட்டு என்றே வந்தது. சிறந்த கருவியாலே சொல் குறைதல் எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை தேடியபோதுதான் கருவியினின்றும் கருத்து அறையின்பாற் சென்றது.

எம் அறை பதினொன்றரை அடி நீளம், ஒன்பதரை அடி அகலம், பத்தடி உயரம். சுவர்கள் சுண்ணமும் சிமெண்டும் பூசியவை, தரை மொசைக். ஒலி இவ்வெம்மை மிக்க நாட்டில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் செல்லும். எதிரெதிரான இரு சுவர்களிடையே அது மோதி மீளுங்கால், சுவரிடைத் தூரம் அலைநீளத்தின் பாதியாகவோ, அப்பாதியின் மடங்குகளாகவோ அமைந்த அதிர்வெண்கள் மட்டும் நிலைத்துப் பெருகும். எம் அறையின் நீளத்தால் ஏறக்குறைய 50, 99 ஹெர்ட்ஸ்களும், உயரத்தால் 57, 114 ஹெர்ட்ஸ்களும், அகலத்தால் 60, 120 ஹெர்ட்ஸ்களும் இங்ஙனம் பெருகுவன. அம்மான் பாடியது ஒரு கட்டைச் சுருதியில். அதன் ஆதார சட்சம் 131 ஹெர்ட்ஸ் அளவு. அதற்குக் கீழுள்ள மெலிவுப் பஞ்சமம், நம் பழந்தமிழர் இளி என்றது, 98 ஹெர்ட்ஸ். அவர் இளியிற் குரலை இறக்கி நிறுத்துந்தோறும் அறை முழுதும் அவரோடு கூடி முழங்கிற்று. அம்முழக்கம் அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிடும். ஒலிபெருக்கி மூலையில் இருத்தலின் அம்முழக்கம் மேலும் வலுத்தது; பக்கத்திலுள்ள ஒவ்வொரு சுவரும் தாழ்ந்த ஒலியை ஆறு டெசிபெல் வரை உயர்த்த வல்லது. ஆன்மாவைச் சார்ந்ததன் வண்ணமாவது என்பர் நம் முன்னோர். மெலிந்த சுரங்களைப் பொறுத்தவரை ஒலிபெருக்கிக்கும் அவ்வியல்பு பொருந்தும். அது தான் நிற்கும் அறையின் வண்ணத்தையே பெரிதும் எய்துகின்றது.

முழக்கம் மிகுதலாற் சொல் கெடுதற்கு வேறொரு காரணமும் உளது. தாழ்ந்த ஒலி தன்னினும் உயர்ந்த ஒலியைச் செவியில் மறைக்கும்; உயர்ந்த ஒலியோ தாழ்ந்ததை அத்துணை மறைக்கமாட்டாது. வெகல், லேன் என்னும் இருவர் 1924-ஆம் ஆண்டிலேயே இதனை அளந்து காட்டினர். உயிரெழுத்துக்களின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துக்களை ஒன்றினின்று மற்றொன்றாகப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகளோ பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளன. அவற்றின் வலிமை மிகக் குறைவு. காடு என்பதும் பாடு என்பதும் ஆகாரத்தால் வேறுபடுவன அல்ல. வாய் திறக்கும் ஒரு கணத்தில் எழுந்து மறையும் சிற்றொலியால் வேறுபடுவன. அச்சிற்றொலியை அகவை ஒருபுறம் கவர, முழக்கம் மற்றொருபுறம் மறைக்க, எஞ்சியது ஓசை மட்டுமே. அன்னையார் சொன்னது உவமையன்று, உள்ளவாறே உரைத்ததாகும்.

இது தெளிந்தபின் செய்யவேண்டியவை தாமே வரிசைப்பட்டன. இரவற் பெட்டிகளைத் திருப்பித் தந்துவிட்டு, பழைய சிறு பெட்டிகளையே மூலையினின்று விடுவித்து, பின்சுவரினின்றும் அவற்றின் முகம் இரண்டரை அடி முன்னிற்குமாறு தனித்தனி மரத்தாங்கிகளின்மேல் வைத்தேன். அத்தூரத்தில், சுவரில் மோதி மீளும் ஒலி 114 ஹெர்ட்ஸ் அளவில் நேரொலிக்கு எதிராகி அதனைத் தணிக்கும். அன்னையாரின் நாற்காலி எதிர்ச்சுவரை ஒட்டியிருந்தது. சுவரின் ஓரத்தில் எல்லா முழக்கமும் உச்சத்தில் இருக்கும். நீளத்தின் காற்பங்கில், அஃதாவது சுவரினின்று மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த இடத்தில், அந்த 99 ஹெர்ட்ஸ் முழக்கம் அடங்கி நிற்கும். நாற்காலியை அவ்விடத்திற்கு நகர்த்தினேன். இவ்விரு நகர்த்தல்களால் ஒலிபெருக்கிக்கும் செவிக்கும் இடையே இருந்த பத்தடி ஆறடியாயிற்று. அதனாலேயே நேரே வரும் ஒலி நான்கு டெசிபெலுக்குச் சற்று மேல் உயர்ந்தது. உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் விளக்கொளிபோல் நேர்முகமாகவே மிகுதியும் செல்லுமாகலின், அதன் உயரம் அமர்ந்திருப்பவர் செவியின் உயரத்திற்கு ஒத்திருக்குமாறும், முகம் அவரை நோக்குமாறும் திருப்பினேன். பெட்டியின் பின்னுள்ள துளையில் பழைய வேட்டித்துணியைச் சுருட்டி அடைத்தேன். துளைப்பெட்டி மூடிய பெட்டியாயிற்று, எஞ்சிய முழக்கமும் தணிந்தது. இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து சோதிக்கப் பதினைந்து நாள் சென்றது. முடிவில் அன்னையார் இருபத்தைந்தில் பதினைந்து சொற்களைக் கூறினார்.

பயன்படாதவற்றையும் கூறுதல் முறை. சென்னை ரிச்சி தெருவில் உள்ள கடைகளுள் ஒன்றில், ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியைத் தடித்ததாக மாற்றினாற் றெளிவு பிறக்கும் என்றனர். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக்கம்பி வாங்கிப் பூட்டினேன். போக வரப் பத்து மீட்டர்க் கம்பியில் அதன் தடை 0.07 ஓம், பழைய ஒரு சதுர மில்லிமீட்டர்க் கம்பியிலோ 0.17 ஓம் அளவு. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு முன் இவ்விரண்டும் பொருட்படுத்தத்தக்கன அல்ல. சோதனையும் அவ்வாறே கூறிற்று: பதினைந்து பதினைந்தாகவே நின்றது. ஒலியை வூபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள கெப்பாசிட்டரை அளந்து பார்த்து, அது கெடவில்லை என்று அறிந்தும், அன்பர் ஒருவர் வேண்டுகோளால் விலை மிக்கது ஒன்றை வைத்துச் சோதித்தோம். திரைக்கு முன்னிருந்த எங்களுள் ஒருவராலும் பழையது எது, புதியது எது என்று சொல்ல இயலவில்லை. முதுமையாற் கெப்பாசிட்டர் வறண்டிருப்பினும், கூம்பின் ஓரத்து நுரை விளிம்பு நம் ஈரக்காற்றில் நைந்திருப்பினும், அவற்றை மாற்றுதல் இன்றியமையாதது. கெடாத உறுப்பை மாற்றுவதால் வருவது மனநிறைவேயன்றிச் சொல் அன்று.

பின்னர் அறையின் சுவர்களை நோக்கினேன். கையைத் தட்டினால் வெற்றுச்சுவர்களிடையே சிலம்பொலிபோல் ஒரு நடுக்கம் எழுந்து மறைந்தது. ஒலிபெருக்கிக்கும் செவிக்கும் இடையே பக்கச்சுவர்களில் கண்ணாடி பிடித்தால் எவ்விடத்தில் ஒலிபெருக்கியின் உருவம் தெரியுமோ, அவ்விடமே ஒலி முதலில் மோதித் திரும்பும் இடம். அங்கு ஒருபுறம் புத்தக அலமாரியைக் கொணர்ந்து நிறுத்தினோம். மறுபுறம் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தொங்கவிட்டோம். தரையிற் கோரைப்பாய் விரித்தோம். பாயும் மெத்தையும் தாழ்ந்த முழக்கத்தை ஒன்றும் செய்யமாட்டா. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர்; அதன் காற்பங்கு ஆழமேனும் இன்றி அதனை நன்கு உறிஞ்சுதல் இயலாது. ஆனால் கைதட்டலின் நடுக்கம் நின்றது. எண்ணிக்கை பதினைந்தினின்று பதினாறாயிற்று. ஓரெண் தானே என்று கருதற்க. அன்னையார் அன்றுதான் முதன்முறையாக, “இது கேட்பதற்குக் களைப்பாக இல்லை” என்றார். சொல்லைத் தேடித் தேடிப் பிடிக்கும் முயற்சியால் முதியோர்க்கு உண்டாகும் அயர்வை இளையோர் அறிவதில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே யாவரும் எதிர்பாராதது. ஒருநாள் இணைப்பு ஒன்று தளர்ந்து இடப்புறத்து ஒலிபெருக்கி ஒலியாது நின்றது. எஞ்சிய ஒன்றைக் கேட்ட அன்னையார், “இன்று அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்” என்றார். அதனை முறைப்படி சோதித்தோம். ஒலி அளவைச் சமன் செய்து, நடுவில் ஒரே ஒலிபெருக்கியை நிறுத்திப் பட்டியலை ஒலிக்கப் பதினெட்டுச் சொற்கள் வந்தன. காரணம் ஆராயின் தெளிவானதே. அம்மானின் பதிவு ஒற்றை மைக்கினால் ஆயது. அதனை இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும்போது நடுவில் நிற்பதாகத் தோன்றும் குரல் மெய்யானதன்று. ஒவ்வொரு செவிக்கும் அருகிலுள்ள பெட்டியின் ஒலி முதலிலும், மற்றதன் ஒலி ஏறக்குறைய ஒரு நொடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு கழித்தும் வந்து சேர்கின்றன. 2000 ஹெர்ட்ஸ் அலைக்கு அது பாதிச்சுற்று. ஆகவே அவ்விடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கின்றன. வல்லெழுத்துக்களை வேறுபடுத்தும் ஒலிகள் உள்ள இடமும், அன்னையாரின் செவி குறையத் தொடங்கிய இடமும் அதுவே. இரண்டினும் ஒன்று மிகுதியாயிற்று. வாங்கியதனாலன்றி நீக்கியதனாலே திருத்தம் முற்றுப்பெற்றது.

இறுதியாக, கணினியில் உள்ள சமன்செய் கருவியால் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆறு டெசிபெல் குறைத்து, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை நான்கு டெசிபெல் உயர்த்தினேன். அதற்கு மேல் உயர்த்தினால் நாடாவின் இரைச்சல் மிகுந்து குரல் கூர்மையுற்று, அன்னையார் வெறுத்த அந்தத் தகர ஒலி தலைகாட்டிற்று. நான்கே அளவு என்று அவரே நிறுத்தினார். இருபத்தைந்தில் இருபது சொற்கள். எஞ்சிய ஐந்தினை எக்கருவியாலும் மீட்டல் இயலாது என்றே எண்ணுகின்றேன். அவை அகவை கொண்டு சென்றவை.

பட்டியல்களை அத்துடன் நிறுத்தி, அம்மானின் பதிவை முதலிலிருந்து ஒலிக்கச் செய்தோம். இரண்டாம் பதிகம் முடிந்து மூன்றாவது தொடங்குமுன் சிறிது இடைவெளி உண்டு. அதில் ஏதோ ஒரு முணுமுணுப்பு இருப்பதை யாவரும் அறிவோம். இருமல் என்றே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நினைத்திருந்தோம். அன்னையார் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, மீட்டும் அதனைக் கேட்டார். பிறகு, “திரியைத் தூண்டு, தங்கச்சி என்கிறான், காற்று வீசி விளக்கு அவிந்துகொண்டிருந்தது அன்றைக்கு” என்றார். அவர் சொன்னபின் எங்கள் செவிக்கும் அது தெளிவாகவே விளங்கிற்று. மனப்பாடமான பாடலன்று அது. நினைவு நிரப்ப வழியில்லாத சொல். ஆதலின் அவர் கேட்டது மெய்க் கேள்வியே என்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் கூறியதனாற் பெரிய ஒலிபெருக்கிகள் பயனற்றன என்பது கருத்தன்று. தவிலும் மிருதங்கமும் அகன்ற கூடத்திற் கேட்க விழைவார்க்கு அவையே தக்கன. சிறுபெட்டி அவற்றின் முழு உருவைத் தரவல்லதன்று. இரண்டு மைக்குகளாற் பதிந்த கச்சேரிக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் வேண்டும். எதனைக் கேட்கப்போகின்றோம், எவர் கேட்கப்போகின்றார், எவ்விடத்திலிருந்து கேட்கப்போகின்றார் என்னும் மூன்றினையும் வினவாது, நல்ல ஒலிபெருக்கி எது என்று மட்டும் வினவுதல், நோயாளியைக் காணாது நல்ல மருந்து எது என்று வினவுதலை ஒக்கும்.

அன்பர்கள் பலரது இல்லங்களில் ஓதுவார்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் ஆகியோரின் குரல்கள் பழைய கேசட்டுகளில் அடங்கிக் கிடக்கின்றன. நாடாவின் ஆயுளும் கேட்பார் செவியின் ஆயுளும் ஒருங்கே தேய்ந்து வருகின்றன. அவற்றைக் காலந்தாழ்த்தாது தலைச்சாய்வு திருத்திக் கணினிக்கு மாற்றி வைத்தல் முதற்கடன். அடுத்து, புதுக்கருவிக்குப் பணம் எடுக்குமுன் இருக்கின்ற பெட்டியை மூலையினின்று நகர்த்திப் பார்க்க. நாற்காலியைச் சுவரினின்று நகர்த்திப் பார்க்க. ஒற்றைப் பதிவாயின் ஒன்றை அணைத்துப் பார்க்க. ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, இல்லத்தில் முதியவர் எவரோ அவரைக் கேட்பித்து, அவர் என்ன கேட்டார் என்று வினவி எழுதிக்கொள்க. ‘நன்றாக இருக்கிறதா’ என்று வினவினால், நம் முயற்சிக்கு இரங்கி ‘நன்று’ என்றே அவர் விடை கூறுவர். ‘என்ன சொல் கேட்டது’ என்று வினவுதலே தக்கது.